கிராப்பிள் வாங்கும் முன் டிராக்டரின் எடைக்கணக்கைப் பாருங்கள்

டெக்சாஸில் ஊருக்கு வெளியே 5 ஏக்கர், 10 ஏக்கர் என்று நிலம் வாங்கிப் போடுகிறவர்கள் அடுத்ததாக வாங்குவது ஒரு சின்ன டிராக்டர். 25 முதல் 50 குதிரைத்திறன், முன்னால் ஒரு லோடர், அதில் ஒரு பக்கெட். முள்ளும் புதருமாகக் கிடக்கும் நிலத்தில் அந்தப் பக்கெட்டை வைத்துக்கொண்டு நாலு நாள் மல்லுக்கட்டினால், கிளைகளைக் கவ்வித் தூக்கும் கிராப்பிள் மேல் ஆசை தானாக வந்துவிடும். ஆலோசனைகளும் கூடவே வரும். "வாங்குறதுதான் வாங்குறே, 72 இஞ்ச் அகலமா வாங்கு." "கனமா இருந்தாத்தான் உழைக்கும்." "அதை மாட்டிட்டா மரத்தையே வேரோட பிடுங்கலாம்."

மூன்றுமே பெரிய இயந்திரங்களை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. நான்கைந்து டன் எடையுள்ள, நின்ற இடத்திலேயே திரும்பும் லோடர் வண்டியான ஸ்கிட் ஸ்டியருக்கு ஓரளவு பொருந்தும். சின்ன டிராக்டருக்குப் பொருந்தாது. ஏன் என்று தெரிந்துகொள்ள எடை, தூரம், எண்ணெய் அழுத்தம் ஆகிய மூன்றைப் பார்த்தால் போதும். அதிலும் முக்கால்வாசி எடைதான்.

## கிராப்பிள் செய்யும் வேலை

லோடர் என்பது டிராக்டரின் முன்பக்கம் நீண்டிருக்கும் இரண்டு இரும்புக் கைகள். மேலே போகும், கீழே வரும்; நுனியில் மாட்டியிருப்பதை மடக்கும், கவிழ்க்கும். நுனியில் பக்கெட் இருந்தால் மண் அள்ளலாம், சாணம் அள்ளலாம், ஜல்லி அள்ளலாம். வெட்டிப் போட்ட முள்கிளைகளை மட்டும் அள்ள முடியாது. எப்படியோ திணித்து ஏற்றினாலும் பாதி வழியில் சரிந்துவிடும். மேலிருந்து அழுத்திப் பிடிக்க பக்கெட்டில் எதுவும் இல்லை.

அந்த மேல்பிடியைச் சேர்த்த கருவிதான் கிராப்பிள். கீழே பல் வரிசை, மேலே திறந்து மூடும் தாடை, தாடையை அசைக்க, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் சிலிண்டர் ஒன்றோ இரண்டோ. சர்க்கரை ஆலை வட்டாரங்களில் கரும்புக் கட்டைக் கவ்வி லாரியில் ஏற்றும் லோடரைப் பார்த்தவர்களுக்கு இதன் சாயல் உடனே பிடிபடும்.

கவ்வும், தூக்கும், இன்னொரு இடத்தில் கொண்டுபோய்ப் போடும். அவ்வளவுதான் இதன் வேலை. வெட்டுவதற்கு ரம்பம் இருக்கிறது, தோண்டுவதற்கு எக்ஸ்கவேட்டர் இருக்கிறது. ராமநாதபுரம் பக்கம் ஜேசிபி சீமைக் கருவேலத்தைத் தூரோடு பெயர்த்து எடுப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, "இதுவும் இரும்புதானே, இதுவும் ஹைட்ராலிக்தானே" என்று தோன்றும். ஆனால் அந்த ஜேசிபியின் எடை 7 டன்னுக்கு மேல். சின்ன டிராக்டரோ லோடரோடு சேர்த்தும் ஒன்றரை, இரண்டு டன். பெயர்க்கும் வேலையில் இயந்திரத்தின் சொந்த எடைதான் நங்கூரம். அது இல்லாதபோது மரம் அசையாது, டிராக்டரின் பின்சக்கரம்தான் தரையை விட்டு எழும்பும்.

## தூக்குதிறனும் தூரமும்

லோடரின் விவரத்தாளில் தூக்குதிறன் என்று ஒரு எண் இருக்கும். லோடர் எவ்வளவு எடையைத் தூக்கும் என்பதைச் சொல்லும் எண். எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள். எந்த இடத்தில் வைத்த எடை, எவ்வளவு உயரத்துக்கு என்ற கேள்விகளைப் பலரும் கேட்பதில்லை.

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் அரை மைல்கூட நடக்கலாம். அதே குடத்தைக் கையை முன்னால் நீட்டிப் பிடித்தால் பத்து அடி போக முடியாது. குடத்தின் எடை மாறவில்லை, உடம்பிலிருந்து அது இருக்கும் தூரம் மாறிவிட்டது. லோடருக்கும் இதேதான். பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டு எண்கள் தருகின்றன. ஒன்று, கருவியை லோடரோடு கோக்கும் இரும்பு முளை (பின்) இருக்கும் இடத்திலேயே தூக்கும் எடை. மற்றது, அந்தப் பின்னுக்கு 500 மில்லிமீட்டர் முன்னால் வைத்த எடை. இரண்டாவது எண் எப்போதும் சிறியது, விளம்பரத்தில் பெரும்பாலும் பெரிய எண்தான் இருக்கும். கிராப்பிளில் கவ்விய கட்டை பின்னுக்கு நேராக நிற்பதில்லை; அரை மீட்டருக்கும் அப்பால்தான் தொங்கும். அதனால் நாம் பார்க்க வேண்டியது சிறிய எண்.

அதிலிருந்தும் ஒரு கழித்தல் பாக்கி இருக்கிறது: கிராப்பிளின் சொந்த எடை.

ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். லோடர் அந்த முளை இருக்கும் இடத்தில் 500 கிலோ, அதற்கு அரை மீட்டர் முன்னால் 400 கிலோ தூக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 180 கிலோ எடையுள்ள கிராப்பிளை மாட்டினால் மரக்கட்டைக்கு மிச்சம் ஏறக்குறைய 220 கிலோ. "கனமா இருந்தாத்தான் உழைக்கும்" என்று 320 கிலோ கிராப்பிளை மாட்டினால் மிச்சம் 80 கிலோ. பிறகு நாள் முழுக்க இரும்பைத்தான் தூக்கி இறக்கிக்கொண்டிருக்க வேண்டும். துல்லியமாகப் போட்டால் கிராப்பிளின் எடை எந்த இடத்தில் மையம் கொள்கிறது என்பதையும் சேர்க்க வேண்டும். வாங்கும் முடிவுக்கு இந்தக் கழித்தலே போதும்.

80 கிலோவும் 220 கிலோவும் வயலில் என்னவாகத் தெரியும்? பச்சை மரம் ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட ஒரு டன். 40 சென்டிமீட்டர் குறுக்களவு, 2 மீட்டர் நீளம் உள்ள ஒரு துண்டு 250 கிலோ வரும். 25 சென்டிமீட்டர் குறுக்களவில் அதே நீளம் என்றால் 100 கிலோதான். குறுக்களவு ஒன்றரை மடங்கு ஆனாலே எடை இருமடங்குக்கு மேல் போய்விடுகிறது. கிளைக் குப்பை இதற்கு நேர் எதிர். மலைபோல் தெரியும், உள்ளே முக்கால்வாசி காற்று. அதனால் புதர் அள்ளுகிறவருக்கு எடைக்கு முன் அகலத் திறக்கும் வாய்தான் தேவைப்படும். அடிமரத் துண்டுகளைச் சுமக்கிறவருக்குக் கிலோக்கணக்குதான் எல்லை.

உயரம் பற்றியும் ஒரு வார்த்தை. விவரத்தாளில் பெரும்பாலும் கை முழு உயரத்தில் இருக்கும்போது தூக்கக்கூடிய எடையைப் போடுவார்கள். தரையை ஒட்டி இன்னும் கூடுதலாகவே தூக்கும். கட்டையை முழங்கால் உயரத்தில் சுமந்துபோய் ஓரமாகப் போடுவதுதான் வேலை என்றால் அந்தக் கூடுதல் உங்களுக்குக் கிடைக்கும். டிரெய்லரில் ஏற்றுவதாக இருந்தால் கிடைக்காது.

இதுவரை பார்த்தது: விவரத்தாளில் 500 மில்லிமீட்டர் முன்னால் உள்ள எண்ணை எடுங்கள், கிராப்பிளின் எடையைக் கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்கள் கிராப்பிள் சுமக்கும் மரம்.

## பின்னால் எடை இல்லாமல் முன்னால் தூக்கக் கூடாது

இடுப்பில் குடம் வைத்தவர் மறுபக்கம் சாய்ந்துதான் நடப்பார். டிராக்டரால் சாய முடியாது. அதனால் பின்னால் எடை வைக்க வேண்டும். இதற்கு எதிர் எடை என்று பேர். கான்கிரீட் நிரப்பிய பெட்டி, இரும்புத் தகடுகள், ஏன், பின்னால் தொங்கும் புதர் வெட்டும் கருவியான ரோட்டரி கட்டர்கூட எதிர் எடைதான்.

இதில் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. "பின் டயரில் தண்ணி நிரப்பியாச்சு, அது போதும்" என்பார்கள். போதாது. கணக்கு இப்படி.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.6 மீட்டர் உள்ள டிராக்டர். கிராப்பிளும் சுமையுமாகச் சேர்ந்து 400 கிலோ, முன் அச்சுக்கு 1.2 மீட்டர் முன்னால் தொங்குகிறது. முன் அச்சு ஏற்கும் கூடுதல் பாரம் 400 கிலோ இல்லை, 700 கிலோ. எங்கிருந்து வந்தது அந்த 300? பின் அச்சிலிருந்து. நெம்புகோல் போலப் பின்பக்கம் மேலே எழும்புகிறது. பின் அச்சு அந்த அளவு இளைத்துப்போகிறது.

இப்போது பின் டயர்களில் 300 கிலோ திரவம் நிரப்புங்கள். பின் அச்சு இழந்ததைத் திரும்பப் பெறுகிறது, நல்லது. முன் அச்சில் அதே 700 கிலோ அப்படியே இருக்கும், ஒரு கிலோ குறையாது. காரணம், அந்த எடை பின் அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

அதே 300 கிலோவைப் பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால், டிராக்டரின் பின்பக்கம் கருவி மாட்டும் மூன்று முனை இணைப்பில் தொங்கவிட்டால் கதை மாறும். முன் அச்சின் கூடுதல் பாரம் 700-லிருந்து சுமார் 510 ஆகக் குறைகிறது. பின் அச்சுக்கோ 490 கிலோ அளவுக்குத் தெம்பு கிடைக்கிறது. எடை அதே 300 கிலோதான், இருக்கும் இடம்தான் வேறு. டயரில் நிரப்புவதும் நல்லதே, இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் பின்னால் தொங்கும் எடையைத் தேர்ந்தெடுங்கள்.

முன் அச்சு உடைந்தால் செலவு பெரிது, அது ஒரு பக்கம். பெரிய ஆபத்து பக்கவாட்டில் கவிழ்வது. சின்ன டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே ஒரு பின்னில் தொங்குகிறது. மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஆடுவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். அதனால் டிராக்டர் நான்கு காலில் நிற்பது போலத் தெரிந்தாலும் உண்மையில் மூன்று புள்ளிகளில்தான் நிற்கிறது: இரண்டு பின்சக்கரங்கள், முன்னால் அந்த ஒரு பின். முக்கோணத்தின் கூர்முனை முன்பக்கம். முன்னால் பாரம் ஏற ஏற எடையின் மையம் அகலமான பின்பக்கத்திலிருந்து அந்தக் கூர்முனையை நோக்கி நகர்கிறது. கூர்முனைக்கு அருகே முக்கோணம் குறுகல். அங்கே ஒரு சக்கரம் எலிவளையில் இறங்கினால்கூடக் கவிழப் போதும். சுமையை உயர்த்திப் பிடித்திருந்தால் இன்னும் சீக்கிரம் கவிழும்.

அதனால் சுமையோடு நகரும்போது கிராப்பிள் முழங்காலுக்குக் கீழே இருக்கட்டும். தலைக்குப் பின்னால் நிற்கும் கவிழ்காப்புச் சட்டம் நிமிர்ந்து பூட்டியிருக்க வேண்டும், சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும். சட்டத்தை மடக்கி வைத்துவிட்டு பெல்ட் போடுவது ஆபத்து, நிமிர்த்தி வைத்துவிட்டு பெல்ட் போடாததும் ஆபத்து. இன்னொன்று: இவ்வகை டிராக்டர்களில் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். பின்பக்கம் இளைத்திருக்கும்போது சரிவில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் நின்றுவிடும், டிராக்டர் நிற்காது. நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினால்தான் முன்சக்கரங்களும் சேர்ந்து பிடித்துக்கொடுக்கும்.

சுருக்கமாக: முன்னால் மாட்டும் கருவிக்குச் செலவு செய்யும் முன், பின்னால் தொங்கவிடும் எடைக்குக் காசு ஒதுக்குங்கள்.

## பிடியின் பலம் எங்கிருந்து வருகிறது

"என் டிராக்டர்ல ஹைட்ராலிக் பம்ப் சின்னது, கிராப்பிள் பிடிக்குமா?" என்ற சந்தேகம் பரவலாக இருக்கிறது. இங்கே இரண்டு விஷயங்களைக் கலந்துவிடுகிறோம். பம்ப் ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் தள்ளுகிறது என்பது ஓட்டம். அந்த எண்ணெய் எவ்வளவு வலுவாக அழுத்துகிறது என்பது அழுத்தம். வேகம் ஓட்டத்தால் வருகிறது, பலம் அழுத்தத்தால் வருகிறது.

சின்ன டிராக்டர்களில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 170 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு ஏறக்குறைய 19.6 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் 3,300 கிலோவுக்கு மேல். இது சிலிண்டர் தண்டில் உள்ள தள்ளுவிசை. தாடையின் நுனியில் அவ்வளவு வராது. சிலிண்டர் கீலுக்கு 15 சென்டிமீட்டர் தூரத்தில் தள்ளுகிறது, நுனியோ 75 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்றால், நுனியில் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 660 கிலோ. முள்கிளையைக் கசக்கிப் பிடிக்க அது தாராளம்.

வேகம்? அந்தச் சிலிண்டர் 20 சென்டிமீட்டர் நீள 0.4 லிட்டர் எண்ணெய் வேண்டும். நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளும் பம்ப் அதை ஒன்றேகால் நொடிக்குள் கொடுத்துவிடும். இரண்டு சிலிண்டர் இருந்தால் இரண்டரை நொடி. ஆகவே பம்ப் சின்னது என்ற கவலையை விட்டுவிடலாம். பிடிக்கும் பலம் எந்தச் சின்ன டிராக்டரிலும் இருக்கிறது, பற்றாக்குறை வருவது தூக்கும் இடத்தில்தான்.

## எண்ணெயைத் தாடைக்குக் கொண்டுபோவது

லோடரை இயக்கும் கைப்பிடி இரண்டு வேலைகளுக்குத்தான். முன்னும் பின்னும் தள்ளினால் கை ஏறி இறங்கும்; இடமும் வலமும் தள்ளினால் பக்கெட் மடங்கும், கவிழும். தாடையைத் திறந்து மூட மூன்றாவதாக ஒரு எண்ணெய் வழி வேண்டும். இதைக் கடைக்காரர்கள் தேர்ட் ஃபங்ஷன் என்பார்கள். கிராப்பிளின் விலையை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இந்தச் செலவு பிறகுதான் தெரியவரும்.

மூன்று வழிகள் உண்டு. டிராக்டரின் பின்பக்கம் ஏற்கெனவே ஹைட்ராலிக் வெளியீடு இருந்தால் அங்கிருந்து நீளமான ஹோஸ் இழுத்து முன்னால் கொண்டுவரலாம். செலவு குறைவு, ஆனால் தாடைக்கு ஒரு லீவர், லோடருக்கு ஒரு கைப்பிடி என்று கை அலைந்துகொண்டே இருக்கும். இரண்டாவது, டைவர்ட்டர் வால்வு. கைப்பிடியில் ஒரு பொத்தானை அழுத்தினால், மடக்குவதற்குப் போகும் எண்ணெய் தாடைக்குத் திரும்பிவிடும். மடக்குவதும் கவ்வுவதும் ஒரே நேரத்தில் நடக்காது. மூன்றாவது, தாடைக்கென்று தனி வால்வு. கைப்பிடியில் திறக்க ஒரு பொத்தான், மூட ஒரு பொத்தான். குவியலுக்குள் பல்லைச் செருகிக்கொண்டே மடக்கி, அதே சமயம் தாடையை மூடும்போதுதான் இதன் அருமை தெரியும். நாலைந்து ஏக்கரைப் பல வருடங்கள் பராமரிக்கப் போகிறவர் இதற்குச் செலவு செய்யலாம் என்பது என் கருத்து. வருடத்துக்கு இரண்டு வாரயிறுதி வேலை என்றால் டைவர்ட்டரே போதும்.

ஹோஸ் இணைப்பு பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. கழற்றிய கிராப்பிளை டெக்சாஸ் வெயிலில் போட்டு வைத்தால் ஹோஸுக்குள் அடைபட்ட எண்ணெய் சூடாகி விரியும். பிறகு மாட்டப் போனால் இணைப்பு உள்ளே போகவே போகாது, சுத்தியலைத் தேடுவார்கள். கழற்றும் முன் இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆன் செய்து, பொத்தான்களை இரண்டு பக்கமும் அழுத்தினால் மிச்ச அழுத்தம் இறங்கிவிடும். பின்பக்க வெளியீட்டில் மாட்டியிருந்தால் லீவரை அசைத்தால் போதும். ஹோஸில் ஊசித்துளைக் கசிவு இருக்கிறதா என்று விரலால் ஒருபோதும் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. ஒரு அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

## எந்த வடிவம், எவ்வளவு அகலம்

கடைகளில் பெயர்கள் ஏராளம். அடிப்படையில் மூன்று வடிவங்கள்தான்.

வேர் கிராப்பிள் என்பது கீழே தகடு இல்லாமல், இடைவெளி விட்ட நீளப் பற்கள் மட்டும் உள்ளது. குவியலுக்கு அடியில் பல்லைச் செருகலாம். தூக்கிக் குலுக்கினால் மண் இடைவெளி வழியே உதிர்ந்துவிடும். எரிக்கப்போகும் குவியலில் மண் கலந்தால் அது புகைந்துகொண்டே கிடக்கும், சரியாக எரியாது. அதனால் இந்த உதிர்தல் பெரிய உதவி. நிலம் சுத்தம் செய்வதற்கு இதைத்தான் நான் சொல்வேன்.

பக்கெட் கிராப்பிள் என்பது முழுப் பக்கெட்டுக்கு மேல் தாடை வைத்தது. மண், சாணம், குப்பை எல்லாம் அள்ளலாம், ஆனால் கனம் கூடுதல், புதருக்கு அடியில் நுழையாது. மூன்றாவது, கட்டைகளை மட்டும் கவ்வும் குறுகலான இடுக்கி வகை. விறகு வியாபாரிக்கு அருமையானது, கிளைக்குப்பைக்கு உதவாது.

அகலத்துக்கு வருவோம். 25 குதிரைத்திறன் டிராக்டருக்கு 48 இஞ்ச், 40 வரை போனால் 55 அல்லது 60 இஞ்ச் என்று தொடங்கலாம். 72 இஞ்ச் ஸ்கிட் ஸ்டியருக்கு. பக்கெட் என்றால் டயர் அகலத்தை மூட வேண்டும் என்பது சரியான யோசனை, ஏனென்றால் அது தரையைச் சமன் செய்யும். கிராப்பிளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கிளைகள் இருபுறமும் நீட்டிக்கொண்டிருந்தால் யாருக்கு என்ன? குறுகலாக இருந்தால் மரங்களுக்கு நடுவே நுழைந்து வரலாம், எடையும் மிச்சம்.

அகலம் கூடுவதில் வெளியே தெரியாத கேடு ஒன்றும் இருக்கிறது. ஓரப்பல் ஒரு தூரில் சிக்கும்போது டிராக்டரை முன்னால் தள்ளினால், அந்தத் தள்ளல் முழுவதும் லோடரின் ஒரு கையில் மட்டும் இறங்கும். கிராப்பிள் எவ்வளவு அகலமோ அவ்வளவு முறுக்கு. சின்ன டிராக்டர் லோடர்கள் மண் அள்ளுவதற்காகச் செய்தவை. இந்த முறுக்கில் கை வளைந்துபோகும். வளைந்த லோடருக்கு அப்புறம் எந்தக் கருவியை மாட்டினாலும் ஒருபக்கம் சாய்ந்தே நிற்கும்.

தாடை ஒன்றா இரண்டா என்பது அடுத்த வாதம். இரண்டு தாடை இருந்தால் ஒருபக்கம் தடித்த கட்டை, மறுபக்கம் மெல்லிய கிளை என்று வந்தாலும் தனித்தனியாக மூடி இரண்டையும் இறுக்கும். உண்மைதான். ஆனால் கூடுதல் சிலிண்டர், கூடுதல் ஹோஸ், கூடுதல் எடை. 60 இஞ்சுக்குக் கீழே ஒரு தாடையே போதும் என்று தைரியமாகச் சொல்லலாம். "கனம்தான் உழைப்பு" என்பதற்கும் பதில் இருக்கிறது: உயர்வலிமை எஃகில் செய்த கிராப்பிள்களில் மெல்லிய தகடே சாதாரண இரும்பின் தடித்த தகடுக்கு ஈடாக நிற்கும். விலை கூடுதல்தான், எடைக்கணக்கில் அந்தக் காசு திரும்பி வந்துவிடும்.

மாட்டும் விதத்தையும் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். பெரும்பாலான லோடர்களில் இப்போது ஸ்கிட் ஸ்டியர் வகைக் குயிக் அட்டாச் வருகிறது. அதாவது இரண்டு லீவரைத் திருப்பினால் கருவி கழன்றுவிடும், எந்த நிறுவனத்தின் கருவியும் பொருந்தும். மிகச் சிறிய டிராக்டர்கள் சிலவற்றில் பக்கெட் பின் போட்டு நிரந்தரமாக மாட்டியிருக்கும். ஜான் டீரின் சின்ன லோடர்களுக்கு அவர்களுடைய தனிவகைக் கொக்கி. இரண்டுக்கும் நடுவே அடாப்டர் வைக்கலாம், ஆனால் அது எடையையும் கூட்டி, சுமையை இன்னும் முன்னால் தள்ளிவிடும். மேலே போட்ட கணக்கு இரண்டு வகையிலும் அடிவாங்கும்.

## மரத்துக்கு ஏற்ற முறை

டெக்சாஸில் நிலம் சுத்தம் என்றால் இரண்டு மரங்களின் பேச்சுதான்: சீடர், மெஸ்கீட்.

மத்திய டெக்சாஸ் மலைப்பகுதியில் சீடர் என்று அழைக்கப்படுவது ஆஷ் ஜூனிபர். தரையோடு தரையாக, கீழே ஒரு பச்சை இலைகூட மிச்சம் வைக்காமல் அறுத்தால் அது திரும்பத் துளிர்க்காது. வேரைத் தோண்ட வேண்டியதே இல்லை. ரம்பமும் ஒரு சின்ன கிராப்பிளும் இருந்தால் வேலை முடிந்தது. மேற்கு டெக்சாஸில் ரெட்பெர்ரி ஜூனிபர் என்று ஒன்று உண்டு. அது துளிர்க்கும், பார்த்து அறுக்க வேண்டும்.

மெஸ்கீட் வேறு ஆள். நம் ஊர் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வெட்டி அகற்றச் சொல்லி உத்தரவு போட்ட அதே மரத்தின் பங்காளி என்றால் குணம் புரிந்துவிடும். மண்ணுக்கு அடியில் சுமார் 12 இஞ்ச் ஆழம் வரை தண்டில் தூங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மேலே வெட்டினால் ஒன்று போய்ப் பத்தாகக் கிளம்பும். அந்த ஆழத்துக்கும் கீழே வேரை அறுத்து எடுக்க வேண்டும், அல்லது வெட்டிய தூரில் உடனே களைக்கொல்லி பூச வேண்டும். சின்ன டிராக்டரின் கிராப்பிளால் இதைப் பிடுங்க முயல்வது வீண். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது விரல் தடிமன் கன்றுகள் வந்தால் வரும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

மெஸ்கீட் முள் டிராக்டர் டயரையும் துளைக்கும். முன்சக்கரங்களில் பஞ்சர் அடைக்கும் திரவத்தை முதலிலேயே ஊற்றிவிடுவது நல்லது. கிராப்பிளிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கிளை ஒன்று டிராக்டரின் முன்கம்பிக்குள் புகுந்து ரேடியேட்டரைக் குத்துவது அடிக்கடி நடப்பது; இரும்புக் கம்பித் தடுப்பு ஒன்று வைத்துவிடுங்கள். ஹோஸ்கள் வெளிப்பக்கம் தொங்காமல் கிராப்பிளின் சட்டத்துக்குள் ஓடுகின்றனவா என்று கடையிலேயே குனிந்து பாருங்கள். பளபளக்கும் பெயின்ட்டை விட அது முக்கியம்.

சுமையோடு ஓக் மரங்களுக்கு நடுவே வரும்போது நீட்டிய கிளை பட்டையைச் சிராய்க்கும். பிப்ரவரி முதல் ஜூன் வரை ஓக் மரத்தைக் காயப்படுத்தாதீர்கள் என்று டெக்சாஸ் ஏ அண்ட் எம் வனத்துறை சொல்கிறது, ஏனென்றால் ஓக் வில்ட் என்ற பூஞ்சை நோயை வண்டுகள் புதுக்காயத்துக்குக் கொண்டுவரும் காலம் அது. தப்பித் தவறிச் சிராய்ப்பு விழுந்தால் அப்போதே பெயின்ட் அடித்துவிட வேண்டும். டிராக்டரில் ஒரு ஸ்பிரே டப்பா கிடக்கட்டும். பட்டை உரியும் பழைய சீடர் மரங்கள் இருக்கும் நிலம் என்றால் இன்னொரு விசாரிப்பும் தேவை. கோல்டன் சீக்டு வார்ப்ளர் என்ற அழிவின் விளிம்பில் உள்ள பறவை அந்தப் பட்டையை உரித்துத்தான் கூடு கட்டுகிறது, மத்திய டெக்சாஸைத் தவிர வேறெங்கும் அது இனப்பெருக்கம் செய்வதில்லை, மத்திய அரசின் சட்டப் பாதுகாப்பும் அதற்கு உண்டு. குவித்ததைக் கொளுத்தும் முன் உங்கள் கவுன்ட்டியில் எரிப்புத் தடை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

10 ஏக்கர் மெஸ்கீட் காட்டை முதல்முறை திறப்பதற்கு எக்ஸ்கவேட்டரை ஆளோடு வாடகைக்குக் கூப்பிடுவதே மலிவு. டிராக்டரும் கிராப்பிளும் அதற்குப் பிந்திய வருடங்களுக்கு: புயலில் விழுந்த கிளை, வேலியோரம் முளைக்கும் சீடர், விறகுக்கு அறுத்த கட்டை. அந்த வேலைக்கு ஒரு தாடையுள்ள 48 அல்லது 55 இஞ்ச் வேர் கிராப்பிள், பின்னால் 300 கிலோ எதிர் எடை. மீதிப் பணத்துக்கு நல்ல ரம்பம் ஒன்று வாங்கலாம்.